ஏழுக்கு ஏழும் தோல்வி: அட்லாண்டா பிரேவ்ஸ் இனி எழுமா?

(2025 ஏப்ரல் தொடக்கத்தில், அமெரிக்க பேஸ்பால் அணியான அட்லாண்டா பிரேவ்ஸின் ரசிகர்கள் பேசிக்கொண்டது)

தென்றல்44: 2025 சீசனில் ஏழு ஆட்டம் முடிந்தது, ஏழிலும் தோல்வி. சான் டியேகோவில் நான்கு, லாஸ் ஏஞ்சலஸில் மூன்று. நேற்று 5-0 என்று முன்னால் இருந்தும், கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் டாட்ஜர்ஸ் வீரர் ஓட்டானி அடித்த ஹோம் ரன்னில் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) 6-5 என்று தோற்றோம். மனசு ஆறவில்லை. நம் பிட்சர் (பந்து வீசுபவர்) மேக்ஸ் ஃபிரீட் நியூயார்க் யாங்கீஸ் அணிக்குப் போனாரே, அவர் இடத்துக்கு யாரை எடுத்தார்கள்? இது நிர்வாகத்தின் தோல்வி.

மாரியட்டாவாசி: அவசரப்படாதீர்கள் நண்பரே, இன்னும் 155 ஆட்டம் இருக்கிறது. எதிரில் நின்றது போன வருடச் சாம்பியன் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ். நம் நட்சத்திர வீரர்கள் அகுன்யாவும் ஸ்ட்ரைடரும் அறுவை சிகிச்சை முடிந்து இன்னும் திரும்பவில்லை. 2021இல் ஆகஸ்ட் வரை நம் வெற்றிகள் தோல்விகளைத் தாண்டவே இல்லை. அந்த வருடம்தான் இறுதிப் போட்டியான வேர்ல்ட் சீரிஸை வென்றோம்.

தென்றல்44: 2021இல் அது தானாக நடந்ததா? ஜூலையில் அகுன்யா காயப்பட்டதும் பீடர்சன், டுவால், சோலர், ரொசாரியோ என்று நான்கு பேரைக் கொண்டுவந்தார் அணி நிர்வாகத் தலைவர் அந்தோபூலோஸ். சோலர்தான் வேர்ல்ட் சீரிஸின் சிறந்த ஆட்டக்காரர். இந்தக் குளிர்காலத்தில் வந்த பெரிய பெயர் ப்ரோஃபார் ஒருவர்தான். 42 மில்லியன் டாலர் ஒப்பந்தம். இப்போது ஊக்கமருந்துக்காக 80 ஆட்டத் தடை. சீசன் முடிந்து கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃப் சுற்றுக்கு நாம் போனாலும் அவர் ஆட முடியாது.

மாரியட்டாவாசி: அதற்கு நிர்வாகம் என்ன செய்யும்? நம் சிக்கல் பேட்டிங். சான் டியேகோவில் கடைசி இரண்டு ஆட்டத்திலும் ஒரு ரன்கூட இல்லை. நம் முக்கிய பேட்டர்கள் ஓல்சன், ரைலி, ஓசூனா இப்படியே இருந்துவிட மாட்டார்கள்.

பழையரசிகன்: இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். 2011இல் டாம்பா பே அணி முதல் ஆறு ஆட்டங்களையும் தோற்றுவிட்டு, சீசனின் கடைசி நாளில் பிளேஆஃபுக்குள் நுழைந்தது. அதே நாளில் நாம் ஃபில்லீஸ் அணியிடம் 13 இன்னிங்ஸ் ஆடித் தோற்று, ஒரே ஒரு ஆட்ட வித்தியாசத்தில் வெளியேறினோம். நம் இடத்தைப் பிடித்த கார்டினல்ஸ் அணி கோப்பையையே வென்றது. போன வருடமும் கடைசி நாளில் மெட்ஸ் அணியுடன் ஒரே நாளில் இரண்டு ஆட்டம் ஆடித்தான் உள்ளே போனோம். ஏப்ரலில் தோற்றாலும் செப்டம்பரில் தோற்றாலும் கணக்கு ஒன்றுதான். இந்த ஏழு தோல்விகளை லேசாக எடுக்காதீர்கள்.

மாரியட்டாவாசி: சரி, லேசாக எடுக்கவில்லை. ஆனால் பயந்துபோய் இளம் வீரர்களை விற்று யாரையாவது வாங்குவதில் எனக்குச் சம்மதம் இல்லை. நாளை சொந்த மைதானத்தில் மயாமியுடன் ஆட்டம், நம் பிட்சர் ஷ்வெல்லன்பாக் வீசுகிறார். நான் போகிறேன்.

தென்றல்44: போங்கள், நானும் பார்ப்பேன். அவர் வென்று கொடுத்தாலும் என் கேள்வி அப்படியே இருக்கிறது. இன்னொரு பிட்சர் லோபஸ் தோள்பட்டை வலியோடு உட்கார்ந்திருக்கிறார். ஜூலை வரை காத்திருக்காமல் இப்போதே ஒரு ஸ்டார்ட்டிங் பிட்சரை (ஆட்டத்தைத் தொடங்கி வீசுபவரை) வாங்க வேண்டும்.