இரண்டு விஎஃப்-களும் ஒரே போர்ட்டிலிருந்து வந்தவையா? விர்ச்சுவல் மெஷினுக்குள்ளிருந்தே கண்டுபிடிக்க வழி உண்டா?

ராணிப்பேட்டைக்காரன் கேட்டது:

வணக்கம். ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு தோல் ஏற்றுமதி நிறுவனத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் சர்வரில் இரண்டு போர்ட் கொண்ட 10 கிகாபிட் நெட்வொர்க் கார்டு இருக்கிறது. மேல் போர்ட் ஒரு சுவிட்சுக்கும் கீழ் போர்ட் இன்னொரு சுவிட்சுக்கும் போகின்றன. கணக்குப் பிரிவின் தரவுத்தளம் ஓடும் விர்ச்சுவல் மெஷினுக்கு (சர்வருக்குள் மென்பொருளால் அமைத்த தனிக் கணினி) எஸ்ஆர்-ஐஓவி (ஒரு போர்ட்டைப் பல கார்டுகள் போலப் பிரித்துக் கொடுக்கும் வசதி) வழியாக இரண்டு விஎஃப் (அப்படிப் பிரித்த பங்குகள்) கொடுத்து, உள்ளே ஆக்டிவ்-பேக்கப் பாண்டிங் (இரண்டு இணைப்புகளை ஒன்றாகக் கட்டி, ஒன்று விழுந்தால் மற்றது எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு) போட்டுத் தந்திருக்கிறார் ஒப்பந்ததாரர். ஒரு கேபிள் போனாலும் மற்றது தாங்கும் என்பது அவர் சொன்ன சொல்.

ஞாயிற்றுக்கிழமை ஆலை மூடியிருந்த நேரத்தில் மேல் போர்ட்டின் கேபிளைக் கழற்றிப் பார்த்தேன். அசையவே இல்லை. அதைத் திரும்பச் செருகிவிட்டுக் கீழ் போர்ட்டைக் கழற்றினேன். உள்ளே இரண்டு இணைப்புகளும் ஒருசேர விழுந்தன.

அவரிடம் கேட்டால், "உள்ளே இஎன்எஸ்5, இஎன்எஸ்6 என்று இரண்டு தெரிகிறதே, அப்புறம் என்ன?" என்கிறார். ஹோஸ்டின் (விர்ச்சுவல் மெஷினைத் தாங்கும் சர்வரின்) கடவுச்சொல்லும் அவரிடம்தான். ஈத்டூல் என்ற நெட்வொர்க் கருவியில் போர்ட்டின் விளக்கை மின்னவைக்கும் கட்டளையை விர்ச்சுவல் மெஷினுக்குள் கொடுத்துப் பார்த்தேன். ஆதரவில்லை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. கேபிள்களில் ஒட்டியிருந்த சீட்டுகளோ சித்திரை வெயிலில் பசை விட்டு உதிர்ந்து கிடக்கின்றன.

எந்த விஎஃப் எந்தப் போர்ட்டுக்குச் சொந்தம் என்று உள்ளிருந்தபடியே நிரூபிக்க முடியுமா? ஊகம் வேண்டாம், அவர் மேசையில் வைப்பதற்கு ஆதாரம் வேண்டும்.

காட்பாடி கம்பிக்காரர் பதில்:

ஒரே கிணற்றில் இரண்டு மோட்டார் இறக்கிவிட்டுத் தண்ணீருக்குக் குறைவில்லை என்று சொல்லியிருக்கிறார் உங்கள் ஒப்பந்ததாரர். இஎன்எஸ்5, இஎன்எஸ்6 என்ற பெயர்களை வைத்து வாதாடவே கூடாது. அந்த 5-உம் 6-உம் ஹைப்பர்வைசர் (விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் மென்பொருள்) தன் போக்கில் உங்கள் மெஷினுக்குக் காட்டும் கற்பனை ஸ்லாட் எண்கள். கார்டின் முதுகில் இருக்கும் துளைகளுக்கும் அவற்றுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

நீங்கள் கேட்பதற்கென்றே லினக்ஸில் ஒரு வசதி இருக்கிறது. 2013-இல் வந்த 3.12 கர்னலில் (லினக்ஸின் மையப்பகுதி) சேர்த்தார்கள். சிஸ் அடைவுக்குள் கிளாஸ், அதற்குள் நெட், அதற்குள் உங்கள் இணைப்பின் பெயர். அங்கே ஃபிஸ்_போர்ட்_ஐடி என்று ஒரு கோப்பு இருக்கும். இரண்டு இணைப்புகளுக்கும் அதைப் படித்துப் பாருங்கள். ஒரே எழுத்துத் தொடர் வந்தால் இரண்டும் ஒரே போர்ட்டில் பிறந்தவை. அந்தத் தொடருக்கு அர்த்தம் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், ஒப்பிடுவதற்கு மட்டுமே அது. ஹோஸ்டின் வன்பொருளைப் பற்றி அதில் விருந்தாளியாக ஓடும் விர்ச்சுவல் மெஷினுக்கு வேறெதுவும் தெரியாமலே, "நாங்கள் இருவரும் ஒரே துளையா" என்ற கேள்விக்கு மட்டும் விடை கிடைக்கிறது. நல்ல யோசனை. 'ஐபி லிங்க்' கட்டளையை விவரம் கேட்கும் 'டி' விருப்பத்தோடு கொடுத்தால் அங்கும் போர்ட்ஐடி என்று வரும்.

கசப்பான பகுதி இனிமேல்தான். இதற்கான விடையைக் கார்டின் இயக்கியை (டிரைவர் மென்பொருளை) எழுதியவர் கொடுத்திருக்க வேண்டும். பழைய மெல்லனாக்ஸ் கார்டுகளின் எம்எல்எக்ஸ்4 கொடுக்கிறது. பிராட்காமின் பிஎன்எக்ஸ்2எக்ஸ் கொடுக்கிறது. அதில் ஹோஸ்ட் பக்க இயக்கி விஎஃப்-க்குத் தனி வழியில் அந்த அடையாளத்தை அனுப்பிவைக்கிறது. இன்டெலின் விஎஃப் இயக்கிகளில் நான் பார்த்தவரை இல்லை. இல்லாத இடத்தில் கோப்பு இருக்கும், படித்தால் 'ஆதரவில்லை' என்ற பிழைதான் வரும். அதை "இரண்டும் வேறு போர்ட்" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆரணி நூல் பதில்:

கம்பிக்காரர் அண்ணன் சொன்ன கோப்பு கைகொடுக்காவிட்டால் மேக் முகவரிதான் (ஒவ்வொரு நெட்வொர்க் இணைப்புக்கும் உள்ள அடையாள எண்) வழி. கடவுச்சொல்லே வேண்டாம். ஹோஸ்டில் 'ஐபி லிங்க் ஷோ' கொடுத்து வருவதை அப்படியே அனுப்பச் சொல்லுங்கள். ஒவ்வொரு போர்ட்டின் பெயருக்குக் கீழும் விஎஃப் 0, விஎஃப் 1 என்று அவற்றின் மேக் முகவரிகளோடு வரிசையாக வரும். உங்கள் மெஷினில் தெரியும் முகவரிகளோடு பொருத்திப் பார்த்தால் முடிந்தது. வெறும் சுழியங்களாக இருந்தால், ஹோஸ்ட் பக்கம் யாரும் முகவரி குறித்துக் கொடுக்கவில்லை என்று பொருள்.

நாங்கள் முகவரியிலேயே போர்ட்டை எழுதிவிடுகிறோம். 02 என்று தொடங்கினால் நாமே வைத்துக்கொண்ட முகவரி. கடைசிக்கு முந்தைய இரண்டு இலக்கம் போர்ட், கடைசி இரண்டு விஎஃப் எண். பாதி ராத்திரியில் எழுப்பினாலும் படித்துவிடலாம்.

ஒரு எச்சரிக்கை. ஹோஸ்ட் பக்கம் முகவரியைக் குறித்துவிட்டால் உள்ளிருந்து மாற்ற விடாது. பாண்டிங்கோ இரண்டு இணைப்புகளுக்கும் ஒரே முகவரியைப் போடப் பார்க்கும். ஃபெயில்_ஓவர்_மேக் என்ற அமைப்பை 'ஆக்டிவ்' என்று வைக்காவிட்டால் இரண்டாவது இணைப்பு சேரவே சேராது.

ராணிப்பேட்டைக்காரன் பதில்:

இருவருக்கும் நன்றி. எங்களுடையது இன்டெல் கார்டு, எனவே கோப்பு 'ஆதரவில்லை' என்று கையை விரித்துவிட்டது. ஹோஸ்டின் பட்டியலைக் கேட்டு வாங்கினேன். இரண்டு விஎஃப்-களும் கீழ் போர்ட்டுக்கு அடியில், 0, 1 என்று பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. மேல் போர்ட்டில் ஒரு விஎஃப் கூட உருவாக்கப்படவில்லை. பட்டியலை அவருக்கே திருப்பி அனுப்பி அந்த வரிகளுக்குக் கோடு போட்டுக் காட்டினேன். இன்று மாலை ஒன்றை மேல் போர்ட்டுக்கு மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மாற்றிய பிறகு வேறு எதைச் சோதிக்க வேண்டும்?

காட்பாடி கம்பிக்காரர் பதில்:

இரண்டு விஷயம். விஎஃப்-இன் இணைப்பு நிலையை ஹோஸ்டில் 'ஆட்டோ' என்று வைத்திருக்கிறாரா பாருங்கள். 'எனேபிள்' என்று இருந்தால் கேபிளைக் கழற்றினாலும் உள்ளே இணைப்பு உயிரோடு இருப்பதாகவே காட்டும். பாண்டிங் ஏமாந்து அதே வழியில் அனுப்பிக்கொண்டிருக்கும். முன்பு இரண்டும் ஒருசேர விழுந்ததால் அவை ஆட்டோவில்தான் இருந்திருக்கும். புதிதாகப் போடுவதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது, அதே சர்வரில் ஓடும் இன்னொரு விர்ச்சுவல் மெஷினுக்கு பிங் அடித்து (பதில் வருகிறதா என்று கேட்டு) சோதிக்காதீர்கள். ஒரே போர்ட்டின் விஎஃப்-கள் கார்டுக்குள் இருக்கும் சுவிட்ச் வழியாகவே பேசிக்கொள்ளும், பொட்டலம் கேபிள் பக்கமே போகாது. சுவிட்சுக்கு அந்தப் பக்கம் இருக்கும் முகவரிக்கு அடியுங்கள், கேட்வே (வெளி நெட்வொர்க்குக்குப் போகும் வாசல்) போதும். பிங் ஓடிக்கொண்டிருக்கும்போதே மேல், கீழ் இரண்டையும் ஒவ்வொன்றாகக் கழற்றிச் செருகுங்கள். ஒரு கேபிளைச் செருகியதும் உடனே அடுத்ததைப் பிடுங்க வேண்டாம். சுவிட்சில் ஸ்பேனிங் ட்ரீ (வலையில் சுற்று ஏற்படாமல் தடுக்கும் ஏற்பாடு) அந்தப் போர்ட்டைத் திறந்துவிட அரை நிமிடம் வரை எடுத்துக்கொள்ளலாம். அதையும் ஒப்பந்ததாரர் தலையில் கட்டிவிடாதீர்கள்.