ஒரே பையில் தேயிலையும் ஓட்ஸ் புல்லும்: புல் தழைக்கிறது, தேயிலை மஞ்சளாகிறது. உதவி தேவை

மாடிவீட்டு மல்லி:
வணக்கம். கோவையில் மொட்டைமாடித் தோட்டம் வைத்திருக்கிறேன். டிசம்பரில் கோத்தகிரி போனபோது முக்கால் அடி உயரத்தில் இரண்டு தேயிலை நாற்று வாங்கி வந்தேன். 15க்கு 15 அங்குலப் பையில் செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் மூன்றையும் சம அளவில் கலந்து நட்டேன். செடி சின்னது, சுற்றி இடம் சும்மா கிடக்கிறதே என்று எங்கள் வீட்டுப் பூனைக்காக அதே பையில் ஓட்ஸும் விதைத்தேன்.

ஓட்ஸ் நாலாம் நாளே முளைத்துவிட்டது. இரண்டு முறை வெட்டியாயிற்று, இன்னும் கரும்பச்சையாக நிற்கிறது. தேயிலைதான் வதைக்கிறது. புதிதாக வரும் இலையெல்லாம் வெளிர் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிகிறது. அடி இலைகள் பச்சைதான், ஆனால் ஓரம் கருகிக்கொண்டு வருகிறது. இது வெயிலா? புல் சத்தை எல்லாம் உறிஞ்சிவிடுகிறதா? இரண்டில் ஒன்றைத்தான் வளர்க்க முடியும் என்றால் எதை வைத்துக்கொள்ளலாம்?

வெயில்வாசி:
தேயிலை மலைப்பயிருங்க. கீழே கொண்டு வந்தால் இப்படித்தான் ஆகும். புல்லை வைத்துக்கொண்டு அதைத் தூக்கிப் போடுங்க.

கோத்தகிரிக் கொழுந்து:
அப்படி அடித்துச் சொல்ல முடியாது நண்பரே. அசாமில் தேயிலை சமவெளியில்தான் விளைகிறது, அங்கேயும் 35 டிகிரி வெயில் உண்டு. ஆனால் காற்றில் ஈரம் இருக்கும், மண் புளிப்பாக இருக்கும். இது இரண்டும் இருந்தால் சூட்டை ஓரளவு தாங்கும்.

அக்கா, மூன்று விஷயம் சொல்லுங்கள். என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்? நட்டபின் வேறு என்ன போட்டீர்கள்? பையின் விளிம்பில் வெள்ளையாக ஏதாவது படிந்திருக்கிறதா?

மாடிவீட்டு மல்லி:
உப்புத்தண்ணிதான். சிறுவாணிக் குடிநீர் முறை வைத்து வருகிறது, குடிக்கப் பிடித்து வைக்கவே சரியாகிவிடும். மாடித் தொட்டிக்கு ஏறுவது போர் தண்ணீர். அப்புறம், பதினைந்து நாளுக்கு ஒரு தடவை முட்டை ஓட்டுத் தூள் ஒரு கை, விறகடுப்புச் சாம்பல் ஒரு கை. தக்காளிக்கு அதைப் போட்டுத்தான் நன்றாகக் காய்த்தது.

விளிம்பை இப்போதுதான் போய்ப் பார்த்தேன். சுண்ணாம்பு அடித்த மாதிரி ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளை வளையம்! இத்தனை நாள் கண்ணிலேயே படவில்லை.

கோத்தகிரிக் கொழுந்து:
நினைத்தேன். நோய் எதுவும் இல்லை, பூச்சியும் இல்லை. செடிக்குச் சுண்ணாம்பு ஊட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

தேயிலைக்கு மண்ணின் பி.எச். (புளிப்பையும் காரத்தையும் காட்டும் அளவு, எண் குறைந்தால் புளிப்பு) 4.5 முதல் 5.5 வரை இருக்க வேண்டும். உங்கள் பையில் இப்போது 7.5க்கு மேல் இருந்தாலும் ஆச்சரியப்பட மாட்டேன். போர் தண்ணீரே மண்ணைக் கார நிலைக்கு இழுக்கும். முட்டை ஓடு கால்சியம் கார்பனேட், சாம்பலும் காரம். மண் அப்படி ஆகிவிட்டால் இரும்புச்சத்து மண்ணில் இருந்தும் தேயிலை வேரால் எடுக்க முடியாது. இலையில் பச்சையம் உண்டாக இரும்பு வேண்டும். செடிக்குள் அது இலைவிட்டு இலை நகராது என்பதால் பழைய இலை பச்சையாகவே இருக்கும், கொழுந்துதான் வெளுக்கும். தழைச்சத்துக் குறைவாக இருந்தால் நேர்மாறாக அடி இலை முதலில் மஞ்சளாகியிருக்கும். ஓரம் கருகுவது உப்பால்.

ஓட்ஸ் அதே பையில் தழைக்கிறதே, அதுதான் துப்பு. சத்தே இல்லாத மண் என்றால் புல்லும் வெளுத்திருக்கும். புல் இனத்து வேர்கள் இரும்பைக் கரைக்கும் பொருளைத் தாங்களே சுரந்து எடுத்துக்கொள்ளும். தேயிலைக்கு அந்த வித்தை தெரியாது. ஓட்ஸைப் பார்த்து மண் நன்றாக இருக்கிறது என்று நீங்கள் நம்பியதில்தான் வினை.

எங்கள் ஒன்றரை ஏக்கரில் நாங்களே சில சமயம் கவாத்துக்கு (கிளைகளை வெட்டிவிடுவதற்கு) முன்னால் டோலமைட் சுண்ணாம்பு போடுவோம். ஆனால் அது வருடக்கணக்கில் உரம் போட்டு மண் அளவுக்கு மீறிப் புளித்துப்போனால் மட்டும், அதுவும் மண் பரிசோதனை பார்த்துவிட்டு.

மாடிவீட்டு மல்லி:
ஐயோ, பாசத்தில் செய்ததெல்லாம் பாழாப்போச்சே! இனி என்ன செய்வது? காப்பாற்ற முடியுமா?

கோத்தகிரிக் கொழுந்து:
முடியும். முதலில் சாம்பலையும் முட்டை ஓட்டையும் நிறுத்துங்கள். ஓட்ஸைத் தனித் தட்டில் புதிதாக விதையுங்கள். பையில் இருக்கும் புல்லை வேரோடு பிடுங்கினால் தேயிலையின் மெல்லிய வேரும் சேர்ந்து வரும், அதனால் மண்மட்டத்தில் கத்தரித்துவிட்டால் போதும்.

செடியை வேர்ப்பந்தோடு மெதுவாக எடுத்து, வெளிப்பக்கக் கலவையைக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். நார்க்கழிவு பாதிக்கு மேல் இருக்கட்டும், நன்றாக அலசியது வேண்டும். செம்மண்ணில் ஒரு ஸ்பூன் எடுத்து வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் அது வேண்டாம். உங்கள் பக்கத்து மண்ணில் சுக்கான் கல் (சுண்ணாம்புக் கல்) கலந்திருப்பது சகஜம்.

இரும்புக்கு உரக்கடையில் அன்னபேதி (ஃபெரஸ் சல்பேட்) வாங்குங்கள். லிட்டருக்கு 5 கிராம், கூடவே ஒரு சிட்டிகை எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்), சாயங்காலம் இலையில் தெளிக்க வேண்டும். பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை. மாடித் தரையில் சிந்தினால் துருக்கறை போகாது, முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். மண்ணுக்கு நனையும் கந்தகத் தூள் பைக்கு ஒரு டீஸ்பூன். அது வேலை செய்ய மாதக்கணக்கில் ஆகும், அவசரப்பட்டு இன்னொரு ஸ்பூன் போட்டுவிடாதீர்கள்.

தண்ணீர்தான் பெரிய விஷயம். மழைநீர் கிடைத்தால் அதற்கு ஈடில்லை. ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீரும் நல்லதண்ணிதான். ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கும் தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள், அதில் உப்பு இன்னும் அதிகம். வேறு வழியில்லாமல் போர் தண்ணீர் என்றால், பி.எச். தாள் 6 காட்டும்வரை எலுமிச்சை உப்பு கரைத்து ஊற்றலாம். மார்ச் முதல் 50 சதவீத நிழல்வலை கட்டாயம்.

பூனைப்படை:
ஒரு விஷயத்தை யாருமே சொல்லவில்லை. தேயிலையில் காஃபின் இருக்கிறது, பூனைக்கு அது ஆகாது. ஒரே பையில் புல்லையும் தேயிலையையும் வைத்தால் பூனை கடிக்கும்போது எது எது என்று பிரித்தா பார்க்கும்? தேயிலையை எட்டாத இடத்தில் வையுங்கள். புல் தின்றபின் அவ்வப்போது வாந்தி எடுத்தால் பயப்பட வேண்டாம். தேயிலை இலை தின்று படபடப்போ நடுக்கமோ வந்தால் உடனே கால்நடை மருத்துவரிடம் போய்விடுங்கள்.

புதுமண்:
குறுக்கே ஒரு சந்தேகம். எனக்கு ஓட்ஸ் முளைக்கவே இல்லை. காலையில் கஞ்சி வைக்கிற பாக்கெட்டிலிருந்துதான் போட்டேன்.

பூனைப்படை:
அது ஆவியில் வேகவைத்துத் தட்டையாக்கிய ஓட்ஸ் தம்பி. அவலை விதைத்தால் நெல் முளைக்குமா? உமியோடு இருக்கிற தீவன ஓட்ஸ் விதை கேளுங்கள், கென்ட் என்ற ரகம் பரவலாகக் கிடைக்கும். சிவப்பாகவோ ஊதாவாகவோ சாயம் ஏற்றியிருந்தால் வேண்டாம், பூஞ்சை மருந்து கலந்த விதை அது. இரவு ஊறவைத்து, மூன்று அங்குல ஆழத் தட்டில் நெருக்கமாகத் தூவி, மேலே லேசாக மண் போட்டால் போதும். ஒரு சாண் வளர்ந்ததும் பூனைக்குக் கொடுக்கலாம். இரண்டு மூன்று வெட்டுக்குப் பிறகு தட்டைக் காலி செய்துவிட்டுப் புதிதாக விதைப்பது மேல். ஏப்ரல், மே மாதங்களில் நம்ம ஊரில் அடியில் பூஞ்சை பிடித்து நாறும். அந்த இரண்டு மாதமும் என் வீட்டில் அருகம்புல்தான். என் பூனைகள் அதையும் விடுவதில்லை.

கோத்தகிரிக் கொழுந்து:
அக்கா, எதை வைத்துக்கொள்வது என்ற கேள்வி நிற்கிறது. பயனைப் பார்த்தால் ஓட்ஸ்தான், இரண்டு வாரத்தில் கைக்கு வந்துவிடும். தேயிலை பறிப்புக்கு வரவே இரண்டு மூன்று வருடம். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு நாலரைக் கிலோ பச்சை இலை வேண்டும். உங்கள் இரண்டு செடியில் இரண்டு இலை ஒரு மொட்டாகக் கிள்ளினால், மாதத்துக்கு நாலைந்து டம்ளர் டீ தேறலாம். அதற்கும் மனசு ஒப்பினால் வையுங்கள். குளிர்காலத்தில் மஞ்சள் மகரந்தத்தோடு வெள்ளைப் பூ பூக்கும். எனக்கு அது மல்லிகையை விட அழகு, ஆனால் நான் தேயிலைக்காரன், என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மாடிவீட்டு மல்லி (ஏழு வாரம் கழித்து):
ஒரு செடி போய்விட்டது. மாற்றி நடும்போது வேர்ப்பந்து கையிலேயே உதிர்ந்துவிட்டது, என் தப்புதான். இன்னொன்றில் நேற்று காலை மூன்று புதுக் கொழுந்து பார்த்தேன். பச்சை! முழுப் பச்சை என்று சொல்ல முடியாது, ஆனால் அந்தக் கோடு கோடான மஞ்சள் இல்லை. பழைய மஞ்சள் இலைகள் அப்படியேதான் இருக்கின்றன. அன்னபேதிக் கறை தரையில் நன்றாகவே விழுந்திருக்கிறது, வீட்டுக்காரர் தினமும் அதைக் காட்டிப் பேசுகிறார். படுக்கையறை ஏசிக் குழாயடியில் வாளி வைத்தாயிற்று, ஒரு ராத்திரிக்கு அரை வாளி கிடைக்கிறது.

ஓட்ஸ் தட்டு கீழே சமையலறை ஜன்னலில். பூனை அதைத் தின்பதைவிட அதன்மேல் படுத்துத் தூங்குவதுதான் அதிகம். மிச்சமிருந்த முட்டை ஓட்டுத் தூளையெல்லாம் கறிவேப்பிலைக்குப் போட்டுவிட்டேன்.

கோத்தகிரிக் கொழுந்து:
பழைய இலை இனி மாறாது, அதைக் கிள்ளவும் வேண்டாம், தானாக உதிரட்டும். செடி ஓர் அடி தாண்டியதும் நுனியைக் கிள்ளுங்கள், பக்கக் கிளை வரும்.

கறிவேப்பிலைக்கா போட்டீர்கள்? அதுவும் சுண்ணாம்பு கூடினால் இதே மாதிரிதான் வெளுக்கும் அக்கா. தக்காளிக்கே போடுங்கள்.