சத்துவாச்சாரி அறைக்குள் ஒரு கருங்கல் மண்டபம்

ஓர் இடத்தின் எதிர்முழக்கத்தை, அதாவது ஒலி சுவர்களில் பட்டுப் பட்டுத் திரும்பி மெல்லத் தேய்ந்து மறைவதைப் பதிந்து, அதை வேறோர் அறையில் எழுப்பிப் பார்த்த அனுபவங்களைப் பலரும் எழுதிவருகிறார்கள். என்னுடையது வேலூரில் நடந்தது. பாலாற்றங்கரைச் சிற்றூர் ஒன்றின் சிவன் கோயிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தேவாரம் பாடிய ஓதுவார் ஒருவர், முழங்கால் தேய்மானத்தால் நடமாட்டம் குறைந்து, இப்போது சத்துவாச்சாரியில் மகள் வீட்டில் இருக்கிறார். "இங்கே பாடினால் குரல் என்னிடம் திரும்பி வருவதில்லை, தம்பி, இரைச்சல்தான் வருகிறது" என்று அவர் ஒருநாள் சொன்னார். அந்தக் குறையைத் தீர்த்தே ஆகவேண்டும் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

அவர் பாடிய மகாமண்டபம் ஏறத்தாழ 8 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் மூன்றரை மீட்டர் உயரமும் கொண்டது. தளமும் தூண்களும் கூரையும் கருங்கல். தெற்கே ஒரு வாசல். செயல் அலுவலரிடம் அனுமதி பெற்று, அர்த்தஜாம பூஜை முடிந்த பிறகு, குருக்கள் சாவியோடு வெளியே காத்திருக்க, நெடுஞ்சாலை லாரிகளின் ஓசை அடங்கும் இடைவெளிகளைப் பார்த்துப் பார்த்துப் பதிவு செய்தேன். மண்டபத்தின் முழக்கத்தை எழுப்ப முதலில் பலூன்களை உடைத்துப் பார்த்ததில், ஒவ்வொரு வெடிப்பும் ஒவ்வொரு விதமாக இருந்தது; கீழ் ஸ்வரங்களுக்குரிய அதிர்வுகளும் போதவில்லை. ஆகவே 20 ஹெர்ட்ஸில் தொடங்கி 20,000 ஹெர்ட்ஸ் வரை 20 நொடிகளில் சீராக ஏறும் ஒலியை ஸ்பீக்கர் வழியே விட்டேன். இத்தாலியின் ஆஞ்செலோ ஃபரினா 2000-இல் விளக்கிய இந்த முறையில், ஸ்பீக்கர் தானாகச் சேர்க்கும் திரிபைத் தனியே பிரித்து ஒதுக்கிவிட முடிகிறது. மண்டபத்தின் பதில் மட்டுமே கையில் மிஞ்சும்.

பதிந்தது நான்கு முகங்கள் கொண்ட மைக்கில். அதிலிருந்து நான்கு தடங்கள் கிடைக்கும்: ஒன்று மொத்த ஒலி, மற்ற மூன்றும் முன்பின், இடம்வலம், மேல்கீழ் ஆகிய திசைகளுக்குரியவை. 1970-களில் இங்கிலாந்தின் மைக்கேல் கெர்சன் வகுத்த அம்பிசோனிக்ஸ் முறை இதுதான். முன்னால் இரண்டு ஸ்பீக்கர்களை வைத்து 'ரிவெர்ப்' (செயற்கை முழக்கம்) சேர்ப்பதால் முழக்கத்தின் அளவு கூடுமே தவிர இடம் உருவாகாது என்பதே என் உறுதியான கருத்து. எந்தச் சுவரிலிருந்து எவ்வளவு ஒலி வருகிறது என்பதைக் காது ஓயாமல் கணக்கெடுத்துக்கொண்டிருக்கிறது.

ஓதுவார் ஐயாவின் அறை 34 கன மீட்டர். டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை. அதன் சொந்த முழக்கமே மறைய 1.3 நொடி ஆயிற்று. அதன்மேல் மண்டபத்தை ஏற்றினால் இரண்டும் குழம்பிவிடும். இலவம்பஞ்சு மெத்தைகளையும் சமுக்காளங்களையும் சுவரோரம் நிறுத்தி அதை 0.4 நொடிக்குக் குறைத்தேன். ஹார்வர்டில் இயற்பியலாளர் வாலஸ் சபின் 1895 முதல் இதையேதான் செய்தார்: இரவுகளில் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து, ஆர்கன் குழலை ஊதி, ஒலி மறையும் நேரத்தை அளந்தார். மெத்தைகளைத் தூக்கிய அன்று அவரை நன்றியோடு நினைத்துக்கொண்டேன்.

எட்டு ஸ்பீக்கர்களில் நான்கைத் தரையிலும் நான்கைப் பரண் உயரத்திலும் வைத்தேன். அவர் பாடும்போதே மண்டபம் பதில் சொல்ல வேண்டும் என்பதால் சட்டைக் காலரில் சிறிய மைக் பொருத்தினேன். அந்தக் குரலோடு மண்டபத்தின் பதிலைச் சேர்த்து ஸ்பீக்கர்களில் திருப்பித்தர கணினி 8 மில்லிநொடி தாமதித்தது. ஒலி அதற்குள் இரண்டே முக்கால் மீட்டர் கடந்துவிடும். ஆகவே பதிவின் தொடக்கத்தில் அதே 8 மில்லிநொடியை வெட்டினேன். நேரடி ஒலியை அவருடைய தொண்டையும், தரையிலிருந்து வரும் முதல் பிரதிபலிப்பை அந்த டைல்ஸுமே கொடுத்துவிடுவதால் இந்த வெட்டில் இழப்பு ஏதுமில்லை.

முதல் நாள் இரண்டு அடிகள் பாடிவிட்டு நிறுத்தினார். "முழக்கம் சரி, தம்பி. ஆனால் நான் சந்நிதியைப் பார்த்து நிற்பவன். தெற்கு வாசல் எனக்கு இடக்கைப் பக்கம். அந்தப் பக்கம் குரல் வெளியே போய்விடும், வடக்குச் சுவர்தான் திருப்பித் தரும். இங்கே மாறி வருகிறதே" என்றார். கண்ணை மூடியிருந்தார். என் குறிப்பேட்டைப் புரட்டினேன்: மைக்கின் முகத்தை நந்தி இருக்கும் கிழக்குத் திசைக்கு வைத்திருந்தேன். முன்பின், இடம்வலம் தடங்கள் இரண்டின் கூட்டல்-கழித்தல் குறியையும் நேரெதிராக மாற்றியதும் மண்டபம் அரைவட்டம் சுழன்று சரியானது. மேல்கீழ்த் தடத்தைத் தொட வேண்டியிருக்கவில்லை. என் கருவிகள் எதுவும் காட்டாத பிழை அது.

பிறகு ஒரு பதிகம் முழுவதையும் பாடினார். முந்தைய நாள் மெத்தைகளுக்கு நடுவே வெறுமனே பாடியபோது 14 நிமிடங்களில் முடிந்தது, இப்போது 17 ஆயிற்று. அடியின் ஈற்றில் குரல் தேய்ந்து மறையும்வரை காத்திருந்து அடுத்த அடியை எடுத்தார். அப்படிச் செய்ததை அவர் உணரவே இல்லை.

இன்னொன்றும் சொன்னார்: "பிரதோஷத்தன்று இவ்வளவு முழங்காது." மண்டபம் காலியாக இருந்தபோது பதிந்தது 2.6 நொடி முழக்கம். அப்போது அங்கே ஒலியை உறிஞ்சும் பரப்பு 12 சதுர மீட்டர் என்று, இடத்தின் கொள்ளளவையும் முழக்க நேரத்தையும் இணைக்கும் சபினின் சூத்திரம் காட்டுகிறது. ஓர் ஆள் சுமார் அரை சதுர மீட்டர் அளவுக்கு ஒலியை உறிஞ்சுவதால், அறுபது பேர் நின்றால் முழக்கம் 0.8 நொடிக்கு இறங்கிவிடும். பூஜை நேரத்தில் அந்த ஏறும் ஒலியை விட முடியாது, விடவும் கூடாது. ஆகவே சுவர்களின் முதல் பிரதிபலிப்புகளை அப்படியே வைத்து, அவற்றுக்குப் பின் தேய்ந்து நீளும் வாலை மட்டும் கணக்குப்படி சுருக்கினேன். இப்போது கணினியில் வெறும் மண்டபம், பிரதோஷ மண்டபம் என்று இரண்டு கோப்புகள் இருக்கின்றன. காலையில் அவர் கேட்பதை மகள் இயக்கித் தருகிறார்.