புதுப்பிப்பு: பாதியில் நின்ற விண்டோஸ் 10 நிறுவல் சரியாகிவிட்டது

மறுபடி நிறுவும்போது கரண்ட் போனதால், எத்தனை முறை ஆன் செய்தாலும் ‘நிறுவலைத் தொடர முடியாது’ என்றே வருகிறது எனக் கேட்டிருந்தேன் அல்லவா?

அந்தப் பிழைச் செய்தியில் ஓகே கொடுக்காமல் ஷிஃப்ட், எஃப்10 இரண்டையும் சேர்த்து அழுத்தினேன் (சில லேப்டாப்பில் எஃப்என் கீயும் வேண்டும்). கட்டளைகளைத் தட்டும் கறுப்புத் திரை வந்தது. அதில் ரெஜெடிட் (regedit) என்று தட்டி, விண்டோஸின் உள் அமைப்புகளைத் திருத்தும் அந்தக் கருவியில் ஹெச்கீ லோக்கல் மெஷினுக்குள் சிஸ்டம், செட்டப், ஸ்டேட்டஸ், சைல்ட்கம்ப்ளீஷன் வரை போனேன். அங்கே செட்டப்.எக்ஸ்இ-க்கு எதிரே 1 இருந்தது; 3 ஆக்கினேன். அப்புறம்தான் ஓகே. ரீஸ்டார்ட் ஆகி, மிச்ச வேலையை அதுவே முடித்துக்கொண்டது. இவ்வளவுதானா என்று இருந்தது!

ஏற்கெனவே 3 இருந்தால் இந்த வழி பலிக்காது. பென்டிரைவில் இருந்து புதிதாக நிறுவுவதே நல்லது. என்னுடைய பழைய ஃபைல்கள், முந்தைய விண்டோஸ் சேமிக்கப்படும் விண்டோஸ்.ஓல்ட் ஃபோல்டரில் கிடைத்தன. அது பத்து நாளில் தானாக அழிந்துவிடும் என்பதால் இப்போது காப்பி ஓடிக்கொண்டிருக்கிறது.