பாப்பா எதிரிலேயே “பாவம்” என்கிறார்கள். என்ன சொல்லி நிறுத்துவது?

மலைக்கோட்டை அப்பா எழுதியது:

வணக்கம். எனக்குத் திருச்சி. துவாக்குடியில் ஒரு சின்ன பட்டறையில் வெல்டர் வேலை. மகளுக்கு இரண்டேகால் வயது. அவள் ஏழு மாதக் குழந்தையாக இருந்தபோது என் மனைவி டெங்கு காய்ச்சலில் இறந்துவிட்டாள். அதிலிருந்து வீட்டில் நான், என் அம்மா, பாப்பா என்று மூன்று பேர்தான். அம்மாவுக்கு மூட்டுவலி. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு படி ஏற முடியாது. அதனால் குளிப்பாட்டுவது, தலைவாருவது, காலையில் இட்லி ஊட்டுவது எல்லாம் நான்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். பக்கத்து சீட்டில் இருந்த ஒரு அம்மா, “அம்மா வரலையா கண்ணு?” என்று பாப்பாவிடம் கேட்டார். நான் விஷயத்தைச் சொன்னேன். உடனே அவர் பாப்பாவின் தாடையைப் பிடித்து, “ஐயோ பாவம், தாயில்லாப் பிள்ளை” என்று கண் கலங்கினார். முன் சீட்டில் இருந்தவரிடமும் சொன்னார். நாங்கள் இறங்குவதற்குள் நாலைந்து பேர் அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டார்கள். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. தன் பையிலிருந்து ஒரு கொய்யாப்பழத்தை எடுத்து அவள் கையில் வைத்துவிட்டுத்தான் போனார்.

அன்று ராத்திரி பாப்பா தன் துணிப் பொம்மையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பொம்மையின் தாடையை இரண்டு விரலால் பிடித்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, “பாவம்... பாவம்” என்றாள். அந்த அம்மா எப்படிச் சாய்த்தாரோ அதே மாதிரி. அப்புறம் எழுந்து போய் பீரோ கண்ணாடி முன்னால் நின்று தன் தாடையையே பிடித்துக்கொண்டாள். எனக்குச் சோறு இறங்கவில்லை.

இது ஒரு நாள் கதை இல்லை. பால் வாங்கப் போனால், கோயிலுக்குப் போனால், சொந்தக்காரர் வீட்டு வளைகாப்புக்குப் போனால், எங்கேயும் இதே பேச்சு. அவளுக்கு ஒன்றும் புரியாது என்று நினைத்துத்தான் அவள் தலைக்கு மேலே பேசுகிறார்கள். அவளுக்கு எல்லாம் புரிகிறது. குக்கர் எத்தனை விசில் விட்டால் நான் அடுப்பை அணைப்பேன் என்பதுவரை கவனித்து வைத்திருக்கிறாள்.

இன்னொரு பக்கம் புகழ்ச்சி. “நீ தாயுமானவர்தாம்ப்பா” என்கிறார்கள். நாங்கள் தாயுமானவர் சன்னதி இருக்கிற மலைக்கோட்டை அடிவாரம். காவிரி வெள்ளத்தில் ரத்னாவதி என்ற கர்ப்பிணியின் அம்மா அக்கரையில் மாட்டிக்கொள்ள, சிவனே அந்த அம்மா உருவத்தில் வந்து பிரசவம் பார்த்த கதையைக் கேட்டே வளர்ந்தவன் நான். என் மனைவி மாசமாக இருந்தபோது சுகப்பிரசவம் ஆக வேண்டும் என்று அங்கேதான் வேண்டிக்கொண்டாள். பிறந்த பிறகு இரண்டு பேரும் வாழைத்தார் சுமந்துபோய்க் கொடுத்துவிட்டு வந்தோம். அதனால் அந்தப் பெயரைச் சொன்னால் எனக்குத் தொண்டை அடைக்கும். ஆனால் நான் அம்மா வேஷம் போடவில்லை. அவள் அப்பா நான். அப்பாவாக இருந்துதான் அவளுக்குத் தலை பின்னிவிடுகிறேன். அதை ஏன் அதிசயமாகப் பார்க்க வேண்டும்?

வெளியூர் போனால் கழிப்பறைதான் பெரிய பாடு. ஆண்கள் பக்கம் அவளைக் கூட்டிப்போக மனசு வரவில்லை. யாராவது ஒரு அக்காவிடம் கெஞ்சி அனுப்பிவிட்டு, அவள் வெளியே வரும்வரை வாசலிலேயே நிற்பேன்.

கேட்க வந்தது இரண்டு விஷயம். “அம்மா எங்கே?” என்று அவளிடமே கேட்பவர்களுக்கு, சண்டை வராமல், அவள் மனசும் நோகாமல் என்ன பதில் சொல்வது? அப்புறம் அவளே கேட்டால் என்ன சொல்வது? என் அம்மா, “ஊருக்குப் போயிருக்காங்கன்னு சொல்லு” என்கிறார்.

---

மதுரைக்காரி எழுதியது:

தம்பி, “ஊருக்குப் போயிருக்காங்க” மட்டும் வேண்டாம். நான் அந்தத் தப்பைச் செய்தவள்.

என் வீட்டுக்காரர் விபத்தில் போனபோது மகனுக்கு இரண்டு வயது. அப்பா ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவைத்தோம். ஆறு மாதம் கழித்து என் தங்கை கல்யாணத்துக்காக நான் இரண்டு நாள் திண்டுக்கல் போக வேண்டியிருந்தது. பையில் புடவையை மடித்து வைக்கிறேன், அவன் ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் போடுகிறான். “ஊருக்குப் போகாதம்மா, ஊருக்குப் போகாதம்மா” என்று அப்படி ஒரு அழுகை. ஊருக்குப் போனவர் திரும்ப வரமாட்டார் என்பதைத்தான் அவன் எங்களிடம் கற்றுக்கொண்டிருந்தான். கடைசியில் அவனையும் கூட்டிக்கொண்டுதான் போனேன். “தூங்குறாங்க” என்றும் சொல்லாதீர்கள். பிள்ளை தூங்கவே பயப்படும்.

இப்போது அவனுக்கு ஐந்து வயது. “அப்பா இறந்துட்டார். அவர் உடம்பு வேலை செய்யாமப் போச்சு. இனிமே வரமாட்டார். நான் உன்கூட இருக்கேன்.” இவ்வளவுதான் சொன்னேன். திரும்பத் திரும்பக் கேட்டான், நானும் அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். சாப்பிடும்போது ஒருதரம், குளிக்கும்போது ஒருதரம் என்று ஒரே நாளில் பத்துத் தடவைகூடக் கேட்பார்கள். பதில் மாறாமல் இருந்தால் போதும்.

நாம் அழுதால் பிள்ளை பார்க்கக்கூடாது என்று நானும் நினைத்திருந்தேன். ஒருநாள் பார்த்துவிட்டான். “அப்பா ஞாபகம் வந்துச்சு, அதான்” என்றேன். போய் ஒரு துண்டை எடுத்துவந்து கொடுத்தான்.

---

காவேரிக்கரை பெரியம்மா எழுதியது:

தம்பி, நான் 68 வயசுக்காரி. எங்க காலத்து மனுஷங்க வாயில “பாவம்”னு வந்தா அது பாசம்தான், குத்தல் இல்லை. அதைப் பெரிசா எடுத்துக்காதே. நான் கேட்கிறது வேற. உனக்கும் வயசு இருக்கு, அம்மாவுக்கும் முடியலை. பெண் பிள்ளை வேற. ஒண்ணு நல்ல இடமாப் பார்த்து மறுமணம் பண்ணிக்கோ. இல்லைன்னா குழந்தையைக் கொஞ்ச காலம் அம்மாயி வீட்டுல விடு. அவங்களும் மகளைப் பறிகொடுத்தவங்கதானே. அவங்களுக்கும் ஆறுதலா இருக்கும்.

---

மலைக்கோட்டை அப்பா எழுதியது:

பெரியம்மா, உங்கள் அக்கறை புரிகிறது. அம்மாயி, தாத்தா லால்குடியில் இருக்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாப்பாவைக் கூட்டிப்போகிறேன். அம்மாயி மடியில் அவள் படுத்திருப்பதைப் பார்த்தால் என் மனைவியே சின்னப் பிள்ளையாகப் படுத்திருப்பது போல இருக்கும். அந்த உறவு அறுந்துவிடக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். ஆனால் அவளை அங்கே விட்டுவிட்டு வர என்னால் முடியாது. ஒரு வருஷத்தில் தாயைப் பிரிந்தவள், இன்னொரு வருஷத்தில் அப்பாவையும் பிரிய வேண்டுமா?

மறுமணம் பற்றி இப்போது யோசிக்கவில்லை. யோசித்தாலும் “குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்” என்பதற்காக ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு வருவது அந்தப் பெண்ணுக்குச் செய்கிற அநியாயம் என்று நினைக்கிறேன்.

---

பால்வாடி டீச்சர் எழுதியது:

அண்ணா, நான் அங்கன்வாடிப் பணியாளர். பாப்பாவுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டதே, பக்கத்து மையத்தில் ஏன் சேர்க்கவில்லை? பாட்டிக்கும் பகலில் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். மதியம் சூடான சாப்பாடு, வாரத்துக்கு மூன்று முட்டை. எல்லாவற்றையும்விடத் தன் வயசுப் பிள்ளைகளோடு இருப்பது முக்கியம்.

தடுப்பூசி அட்டையையும் ஒருதரம் எடுத்துப் பாருங்கள். 16 மாதத்திலிருந்து 24 மாதத்துக்குள் போட வேண்டிய தட்டம்மை-ரூபெல்லா இரண்டாவது தவணையும் முத்தடுப்பு ஊக்க ஊசியும் போட்டாயிற்றா? ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ சொட்டு உண்டு. வீட்டில் துக்கம் நடந்த வருஷத்தில் இதெல்லாம் விட்டுப்போவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கேட்பவர்களுக்கு என்ன சொல்வது என்றீர்களே. எங்கள் மையத்தில் அம்மா இல்லாத பையன் ஒருவன் இருந்தான். அவன் தாத்தா ஒரு வழி வைத்திருந்தார். “இவங்க அம்மா இல்லைங்க, நாங்க பார்த்துக்கறோம்” என்று சாதாரணக் குரலில் ஒரே வாக்கியம். மூச்சு விடாமல் அடுத்து, “இவன் பச்சைப் பஸ்ஸு பாட்டு பாடுவான், கேட்கிறீங்களா?” என்பார். கேட்டவர் முகம் மாறிவிடும். பையனும் பாட ஆரம்பித்துவிடுவான். பெரியவர்களுக்கு அடுத்து என்ன பேசுவது என்று தெரியாததால்தான் “பாவம்” வருகிறது. பேச்சை நீங்களே எடுத்துக் கொடுங்கள்.

---

மலைக்கோட்டை அப்பா எழுதியது:

டீச்சர், சேர்க்கத்தான் போனேன். பிறப்புச் சான்றிதழ் நகல் கேட்டார்கள். எடுத்துப் பார்த்தால் அதில் குழந்தை பெயரே இல்லை. பிறந்தபோது பெயர் வைக்காமல் பதிந்தது. பிறகு சேர்க்கலாம் என்று இருந்தோம், அதற்குள் எல்லாம் நடந்துவிட்டது. வெறும் “பெண் குழந்தை” என்றுதான் இருக்கிறது. இதற்கு என்ன செய்வது?

---

கோர்ட்டு குமாஸ்தா எழுதியது:

பயப்பட வேண்டாம் சார். ஒரு வருஷத்துக்குள் என்றால் கட்டணமில்லாமல் பெயர் சேர்த்திருக்கலாம். அதற்குப் பிறகு 15 வருஷம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். குழந்தை எங்கே பிறந்ததோ அந்த இடத்துப் பதிவாளரிடம்தான் போக வேண்டும். மனைவியின் இறப்புச் சான்றிதழ் நகலைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள், அவர் கையெழுத்து எங்கே என்று கேட்டால் காட்ட வேண்டியிருக்கும். இனிஷியல், தமிழ் எழுத்து, ஆங்கில எழுத்து மூன்றையும் நன்றாகப் பார்த்துக் கொடுங்கள். பதிந்த பெயரை அப்புறம் மாற்றுவது பெரும்பாடு. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கையிலிருந்து பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழ்தான் ஆதாரம். தள்ளிப்போடாதீர்கள்.

மத்திய அரசு வேலையாக இருந்தால், பிள்ளையைத் தனியாக வளர்க்கும் ஆணுக்கும் 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. பட்டறைத் தொழிலாளிக்குப் பிள்ளை பிள்ளை இல்லையா என்று எனக்கு இதில் தீராத ஆதங்கம்.

---

மலைக்கோட்டை அப்பா எழுதியது:

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. என் அம்மாவிடம் மதுரை அக்கா எழுதியதைப் படித்துக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டார். அடுத்த நாள் பாப்பா போட்டோவைக் காட்டி “அம்மா?” என்றபோது, “அம்மா இறந்துட்டாங்க சாமி. அப்பா இருக்கான், அப்பாயி இருக்கேன்” என்று அம்மாவே சொன்னார். குரல் நடுங்கியது. பாப்பா “அப்பாயி இருக்கு” என்று திருப்பிச் சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

நேற்று தெருமுனையில் புதிதாக வந்த பூக்காரம்மா, “அம்மா எங்கடி தங்கம்?” என்றார். டீச்சர் சொன்னபடி ஒரே வாக்கியத்தில் பதில் சொல்லிவிட்டு, “இன்னைக்கு ரெட்டை ஜடை போட்டிருக்கா, பாருங்க” என்றேன். அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். அப்புறம் குனிந்து ஜடையைத் தொட்டு, “இது யாரு பின்னிவிட்டது?” என்று கேட்டார். பாப்பா என் சட்டையைப் பிடித்து இழுத்து, “அப்பா” என்றாள். இரண்டு ஜடைக்கும் போதுகிற மாதிரி ஒரு முழம் மல்லியை இரண்டாக வெட்டிக் கொடுத்தார்.

சான்றிதழ் வேலைக்காகச் செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு கேட்டிருக்கிறேன். தடுப்பூசி அட்டையில் ஊக்க ஊசி விட்டுப்போயிருக்கிறது டீச்சர், புதன்கிழமை கூட்டிப்போகிறேன்.