கோப்ரா கிட் கார்: இடதும் வலதும் ஒத்துப்போகவில்லை, யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. இங்கிலாந்தில் வீட்டு கராஜில் ஒரு கோப்ரா ரெப்ளிக்கா (1960களின் AC கோப்ரா ஸ்போர்ட்ஸ் காரின் நகல்; பாகங்களாக வாங்கி நாமே கோர்க்கும் கிட் கார்) கட்டிக்கொண்டிருக்கிறேன். வேறொருவர் பாதியில் விட்ட வண்டி. அதன் ஃபைபர் பாடியில்தான் சிக்கல்.

சேசிஸின் நடுக்கோட்டைத் தரையில் வரைந்து, தூக்குக்குண்டு விட்டு அளந்தேன். சேசிஸ் நேராகத்தான் இருக்கிறது. ஆனால் இடது பின் வீல் ஆர்ச் (சக்கரத்துக்கு மேலுள்ள பாடி வளைவு) வலதைவிட 14 மி.மீ. தாழ்வு. அதே பக்கம் முன் மட்கார்டின் வளைவும் தட்டையாக இருக்கிறது. வலது வளைவை அட்டையில் வெட்டி, திருப்பி இடதில் வைத்தால் இடைவெளி பளிச்சென்று தெரிகிறது. 1960களில் கையால் தட்டிச் செய்த அசல் அலுமினிய பாடிகளே அச்சு அசலாக ஒத்திருக்காது, தெரியும். 3, 4 மி.மீ. என்றால் நானும் விட்டுவிடுவேன்.

அவ்வளவு தடிமனுக்குப் பட்டி போட்டால் பின்னாளில் வெடிக்கும். அதனால் ஆர்ச்சை வெட்டித் தூக்கி, ஓரங்களைச் சரிவாகத் தேய்த்து, உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் கண்ணாடி இழை மேட்டை ரெசினில் நனைத்து ஒட்டலாம் என்று எண்ணம். வெட்டும்போது பாடி சேசிஸில் போல்ட் போட்டபடியே இருக்க வேண்டும், இல்லையேல் முறுக்கிக்கொள்ளும். சரிதானே?

அப்புறம் ரெசின், அதாவது இழையை இறுக்கிப் பிடிக்கும் பிசின். பாடியின் பழைய பாலியஸ்டர் ரெசின் மேல் எபாக்ஸி ரெசின் நன்றாகப் பிடிக்கும். ஆனால் எபாக்ஸிமேல் பாலியஸ்டர் ஜெல்கோட் (ஃபைபரின் வழவழப்பான வெளிப்பூச்சு) ஒழுங்காக ஒட்டாது. எப்படியும் பெயிண்ட்தான் அடிக்கப்போகிறேன், எனவே எபாக்ஸிக்கே போகலாமா? அடர்நீலம் அடித்தால் வெயிலில் ஒட்டுக் கோடு மேலே தெரியுமோ என்பதுதான் பெரிய பயம். இப்படி வெட்டி ஒட்டியவர்கள், பெயிண்டுக்கு முன் எவ்வளவு நாள் காயவிட்டீர்கள்?