கூட்டுப்பெட்டியா, பொந்துப்பெட்டியா?

வணக்கம்.

பறவைகள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்க நாங்கள் செய்து வைக்கிற பெட்டிக்கு (nest box) தமிழில் என்ன பெயர் என்று மடல்களில் பேசிக்கொண்டிருக்கிறோம். 'கூட்டுப்பெட்டி'யே போதும், புதுச்சொல் எதற்கு என்று அண்ணை ஒருவர் கேட்டிருந்தார். போன வருசம் வரை நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில் எங்கள் வயல். நெல் குடலைக்கு வந்தால், அதாவது கதிர் வெளிவருமுன் தண்டுக்குள் திரளும்போது, எலி வெட்டத் தொடங்கிவிடும். நஞ்சு வைக்க மனமில்லை. நஞ்சு தின்ற எலியைப் பிடிக்கிற பறவைக்கும் அது ஆபத்து. மலேசியாவில் செம்பனைத் தோட்டங்களில் எலிக்கென்றே கூகை என்கிற ஆந்தைகளுக்குப் பெட்டி வைக்கிறார்கள், நாங்களும் வைத்துப் பார்ப்போம் என்று தச்சரிடம் போய், "பறவைக்கு ஒரு கூட்டுப்பெட்டி வேணும்" என்றேன். ஒரு கிழமையில் தந்தார். முன்பக்கம் கம்பிவலை, கொண்டி போட்ட கதவு, அருமையான கிளிக்கூடு! அவரில் பிழையில்லை. எங்களூரில் கூடு என்றால் கோழிக்கூடு, கிளிக்கூடு. உள்ளே விட்டுப் பூட்டுகிற சாமான்.

"இல்லையண்ணை, பனைப்பொந்து மாதிரி" என்றேன். உடனே அவர் கேட்டது: "வாய் எவ்வளவு?"

சொல் அங்கேயே கிடைத்துவிட்டது. பொந்துப்பெட்டி. நுழைகிற ஓட்டைக்கு 'வாய்'. 'நுழைவுத்துவாரம்' என்று நாங்கள் மூன்று மடல் எழுதியது வீண்.

இதில் பறவையின் பக்க நியாயமும் உண்டு. பெட்டிக்கு வருகிறவை எல்லாம் பொந்தில் முட்டையிடுகிறவை: கூகை, மைனா, கிளி, கொண்டலாத்தி. கூடு கட்டத் தெரிந்த தூக்கணாங்குருவி பெட்டியைத் திரும்பியும் பாராது. செண்பகமும் அப்படியே. கூகையோ கூடே கட்டாது. பொந்தின் வெறும் அடியில், தான் கக்கிய எலிமயிர், எலும்பு உருண்டைகளின் மேல் முட்டையிடும். கூடே இல்லாத பறவைக்குக் கூட்டுப்பெட்டி என்று பெயர் வைப்பது என்ன கணக்கு? அதோடு கூட்டுறவு, கூட்டுப்பண்ணை வரிசையில் வாசித்தால் நாலு பேர் பங்குபோட்டு வாங்கிய பெட்டி மாதிரியும் இருக்கிறது.

தங்கச்சி தந்த 'பறவை இல்லம்' காதுக்கு இனிமைதான். ஆனால் எனக்கு முதியோர் இல்லம் ஞாபகம் வருகிறது, மன்னிக்க வேணும். 'அடைபெட்டி' என்றால் கோழி வளர்க்கிறவர்கள் குஞ்சு பொரிக்கும் பெட்டி என்று நினைப்பார்கள்.

பொந்து என்றால் பாம்பு ஞாபகம் வரும் என்ற மறுப்பை நான் ஏற்கவில்லை. பாம்புக்குப் புற்று, எலிக்கு வளை, கிளிக்குப் பொந்து. தமிழ் முன்னமே பிரித்து வைத்துவிட்டது. போர்க்காலத்து ஷெல்லடியில் தலை போன பனைகளில் கிளி குடியிருந்ததைப் பார்த்த எவருக்கும் பொந்தை விளக்கத் தேவையில்லை. அந்த மொட்டைப்பனைகளும் விழுந்துகொண்டு வருவதால்தான் பெட்டியே தேவைப்படுகிறது.

'சாக்குருவிப் பெட்டி' என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள். கூகைக்கு ஊரில் அந்தப் பெயரும் உண்டு. "முத்தத்திலை சாக்குருவிக்கு வீடு கட்டுறியோ?" என்று அம்மா கேட்டபிறகு பெட்டி வயலுக்குப் போனது.

செய்ய நினைப்பவர்களுக்கு: கூகைக்கு வாய் 12 முதல் 15 சென்ரிமீற்றர். வாய் பெட்டியின் அடிப்பலகையிலிருந்து 45 சென்ரிமீற்றராவது மேலே இருக்கட்டும், இல்லாவிட்டால் குஞ்சுகள் பறக்கப் பழகுமுன் வெளியே விழும். அடிப்பலகையில் நீர் வடியச் சின்னத் துளைகள். சின்னக் குருவிகளுக்குச் செய்தால் வாய்க்குக் கீழே குச்சி வைக்காதீர்கள். அது காகம் வந்து குந்தத்தான் உதவும். எலி ஏறாமல் தென்னையில் சுற்றுவோமே, அதேபோல மரத்தில் தகரம் சுற்றினால் பூனை ஏறாது. இந்தத் தகரத்துக்கும் கலைச்சொல் வேண்டுமா? 'மறிதகரம்' என்று ஒருவர் சொன்னார். எனக்குத் 'தகரம்' போதும்.

பெட்டி ஏற்றி மூன்று மாதம். கூகை இன்னும் வரவில்லை. அணில் ஒன்று தும்பு இழுத்துக்கொண்டு போய் நிரப்புகிறது. தும்பை எடுத்துவிடுவதா, விடுவதா என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.